வாய்க்குள் போவது வேறு, உடம்புக்கு வெளியே செய்வது வேறு: 50 நாள் பாப்பாவுக்காக ஒரு பதில்

கேள்வி, சுருக்கமாக: புது வண்ணாரப்பேட்டையில் மாடியில் ஒரே அறை வீடு. பெண் குழந்தை பிறந்து 50 நாள் ஆகிறது. பிறந்தபோது 2.7 கிலோ, இப்போது 4 கிலோ. தாய்ப்பால் மட்டும்தான். சாயங்காலம் ஆனால் இரண்டு மணி நேரம் விடாமல் அழுகிறாள். பால் போதவில்லை, பவுடர் வாங்கு என்கிறார் என் அம்மா. வசம்பு, ஜாதிக்காய் எல்லாம் கல்லில் உரைத்துத் தரும் உரமருந்து கொடுத்தால் சரியாகும் என்கிறார் மாமியார். ராத்திரியில் மூக்கு கர்கர் என்கிறது. குளிப்பாட்ட வரும் ஆயா மூக்கில் எண்ணெய் விடுகிறார். சளி இருக்கிறதே என்று ஒன்றரை மாசத் தடுப்பூசியைத் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறோம். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

தம்பி, நான் தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நகர்ப்புறச் சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். நீங்கள் கேட்டிருப்பது எல்லாம் அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு கேட்ட கேள்விகள்தான். முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

பிறந்த குழந்தை முதல் சில நாளில் கொஞ்சம் எடை குறையும். பத்து நாள், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பும். அதற்கப்புறம் முதல் மூன்று மாதம் ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்ல வளர்ச்சி. உங்கள் பாப்பா 1,300 கிராம் ஏறியிருக்கிறாள். திரும்பி வந்த பத்து நாளைக் கழித்துவிட்டு 40 நாளால் வகுத்துப் பாருங்கள், நாளுக்கு 30 கிராமுக்கு மேலேயே வருகிறது. 24 மணி நேரத்தில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாளா? அப்படியானால் பால் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் அம்மாவிடம் வாதாட வேண்டாம், தடுப்பூசி அட்டையில் எழுதியிருக்கும் எடையைக் காட்டுங்கள். பால் குடித்த பத்தாவது நிமிடம் கையைச் சப்புகிறாளே, அது பசியில்லையா என்று கேட்பார். இந்த வயதில் எல்லாக் குழந்தையும் கையைச் சப்பும். மலம் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை போனாலும் சரி, நாலைந்து நாளைக்கு ஒரு தடவை இளகலாகப் போனாலும் சரி, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இரண்டும் இயல்பு.

பவுடர் பால் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் கொள்கை இல்லை, நம் பக்கத்துத் தண்ணீர். மெட்ரோ வாட்டர் லாரியிலோ அடிபம்பிலோ பிடித்து, குடத்தில் நிற்க வைத்து, அதில் புட்டியைக் கழுவி, அதே தண்ணீரில் பவுடரைக் கரைக்கிறோம். டப்பா விலையைப் பார்த்துவிட்டு ஒரு ஸ்பூன் குறைத்துப் போடுகிறவர்களும் உண்டு. அப்புறம் வயிற்றுப்போக்குக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்பார்கள். குழந்தை புட்டியில் குடிக்கக் குடிக்க மார்பில் சப்புவது குறையும், சப்புவது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும். என்றைக்காவது டாக்டரே மேல்பால் கொடுக்கச் சொன்னால் புட்டி வேண்டாம், பாலாடை என்கிற மூக்குவைத்த சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். கொதிநீரில் போட்டு எடுப்பது சுலபம், இடுக்கில் அழுக்கு தங்காது. வெயில் காலத்தில்கூட ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பத்தில் ஒன்பது பங்கு கிட்டத்தட்ட தண்ணீர்தான்.

இப்போது சாயங்கால அழுகை. இது இரண்டு மூன்று வாரத்தில் ஆரம்பித்து, ஆறாவது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நாலு மாதத்தில் தானாக அடங்கும். உங்கள் பாப்பா சரியாக உச்சத்தில் இருக்கிறாள். வயிற்றுவலி, மாந்தம், தொக்கம், கண்ணேறு, உரம் விழுந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லா நேரமும் நன்றாகப் பால் குடித்து, தூங்கி, எடையும் ஏறும் குழந்தை சாயங்காலத்தில் மட்டும் அழுதால் அது நோயில்லை. பால் கொடுத்ததும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள். அறையில் விளக்கைக் குறைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மொட்டைமாடியில் நடங்கள். இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள், உங்கள் மனைவி அந்த நேரம் சாப்பிடட்டும். கிரைப் வாட்டர் இந்த அழுகையைக் குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் எதுவும் கிடையாது. எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குழந்தையைப் பிடித்துக் குலுக்கக் கூடாது, மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும். பொறுக்க முடியாமல் போனால் பாயில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வெளியே போய் நில்லுங்கள்.

என்றைக்காவது அழுகை வழக்கம்போல் இல்லாமல் கீச்சென்று இருந்தால் உடுப்பைக் கழற்றித் தலை முதல் கால் வரை பாருங்கள். கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். பிரசவத்துக்கு அப்புறம் அம்மாவுக்கு முடி கொட்டும். அதில் ஒரு இழை விரலில் சுற்றி இறுகி, விரல் சிவந்து வீங்கிப்போயிருக்கும், யார் கண்ணிலும் படாது. அரைஞாண் கயிறும் அப்படித்தான், பிறந்ததும் கட்டியது இப்போது வயிற்றை அறுக்கும். ஒரு விரல் தாராளமாக உள்ளே போக வேண்டும். தொடை இடுக்கில் வீக்கம், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

அடுத்தது உரமருந்து. பெரியவர்கள் சொல்லும் வைத்தியத்தை எல்லாம் ஒட்டுமொத்தமாகத் தள்ளினால் அந்த வீட்டில் உங்களால் நிம்மதியாக இருக்க முடியாது. நான் வீடுகளில் வைத்திருந்த கணக்கு ஒன்று உண்டு: உடம்புக்கு வெளியே செய்வதற்கு விட்டுக்கொடுக்கலாம், உள்ளே போவதற்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. கன்னத்தில் கறுப்புப் பொட்டு, உள்ளங்காலில் மை, வசம்பு வளையல், உப்பு மிளகாய் சுற்றிப் போடுவது, எல்லாம் தாராளமாக நடக்கட்டும். வசம்பு வளையலைப் பாப்பா வாயில் வைக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வசம்பைச் சுட்டு, கல்லில் உரைத்து நாக்கில் தடவ விடாதீர்கள். அது குழந்தைக்கு வாந்தியையும் சோர்வையும் கொண்டுவரும். ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் சேர்த்து இழைக்கும்போது எது எவ்வளவு போகிறது என்று இழைக்கிறவருக்கே தெரியாது. அந்தக் கல்லை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்பது இன்னொரு கேள்வி. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில்கூடப் படக் கூடாது. அதிலிருக்கும் ஒரு கிருமியின் விதை நம் வயிற்றில் ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே துவள வைத்துவிடும்.

குளிப்பாட்டும் ஆயாவிடமும் இதே கணக்குதான். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலில் போட்டு எண்ணெய் தேய்த்து நீவி விடுவது நல்ல விஷயம். தேங்காய் எண்ணெய் போதும். ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மூக்கில் விடும் எண்ணெய் மூச்சோடு நுரையீரலுக்குள் இறங்கி அங்கேயே தங்கும். இருமல், மூச்சிரைப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும் ஒரு நிமோனியா அதனால் வருகிறது, சாதாரண மருந்துக்கு அடங்காது. தொண்டைக்குள் விரலை விட்டுச் சளி எடுப்பது, மூக்கில் ஊதுவது, குழந்தையின் மார்பை அமுக்கிப் பால் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு உருட்டுவது, இவை எல்லாமே கூடாது. ஆயாவைச் சங்கடப்படுத்தாமல் சொல்ல வழி உண்டு. “டாக்டரம்மா மூக்கில் எண்ணெய் விடக் கூடாதுன்னு கண்டிச்சு சொல்லிட்டாங்க ஆயா” என்று பழியை எங்கள் மேல் போடுங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். கண்ணுக்குள் மை, கழுத்து மடிப்பில் பவுடர் இரண்டும் வேண்டாம்.

என் கணக்கில் வெளியே செய்வதாகத் தெரிந்தாலும் உள்ளே போவது ஒன்று உண்டு: புகை. குளித்ததும் சாம்பிராணி காட்டுவது காற்றோட்டமான கூடத்தில் வேறு விஷயம், ஜன்னல் ஒன்றே உள்ள அறையில் வேறு விஷயம். அதோடு ராத்திரி கொசுவர்த்திச் சுருளும் சேர்ந்தால் மூக்கு கர்கர் என்பதில் என்ன ஆச்சரியம்? நம் பக்கத்துக் காற்று ஏற்கெனவே சுத்தமில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், மணலி ஆலைகள், எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்களின் சாம்பல், கொடுங்கையூர் குப்பைமேடு தீப்பிடிக்கும் நாட்கள் எல்லாம் இருக்கின்றன. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூரில் அம்மோனியா கசிந்தபோது பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெளிக்காற்றை நாம் மாற்ற முடியாது. வீட்டுக்குள் நாமாகச் சேர்க்கும் புகையை நிறுத்தலாம். கொசுவுக்குக் குடை வலை வாங்குங்கள். ரோட்டுப் பக்க ஜன்னலை லாரி நெரிசல் நேரத்தில் சாத்தி, மற்ற நேரம் திறங்கள். துடைப்பத்தால் பெருக்கித் தூசி கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் மாடிப்படியில் நின்று பிடித்துவிட்டு அப்படியே வந்து தூக்கக் கூடாது, சட்டையை மாற்றி, வாய் கொப்பளித்து, கை கழுவிவிட்டுத் தூக்குங்கள்.

மூக்கு சத்தம் பற்றிச் சொல்கிறேன். இந்த வயதில் மூக்குத் துவாரம் அவ்வளவு சிறியது, கொஞ்சம் சளி காய்ந்தாலே சத்தம் வரும். பால் குடிக்கும் முன் மூக்கின் ஒவ்வொரு பக்கமும் உப்புநீர்ச் சொட்டு மருந்து இரண்டு துளி விட்டால் போதும். மருந்துக்கடையில் சலைன் சொட்டு என்று கேளுங்கள், மூக்கடைப்புக்குப் பெரியவர்கள் போடுவதைக் கொடுத்துவிடப் போகிறார்கள். எண்ணெய் கூடாது என்றீர்களே, இது மட்டும் எப்படி என்று ஆயா கேட்பார். உப்புநீர் உடம்பில் இருப்பதுதான், கரைந்துவிடும்.

இது வெறும் மூக்குச் சளியா, நெஞ்சில் ஏதாவது இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு வயிறு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள், இந்த வயதில் மூச்சு ஒரே சீராக இருக்காது. இரண்டு மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல் வந்தால் கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை எண்ணுங்கள். மறுபடியும் அதே அளவு என்றால் ஆஸ்பத்திரி. இரண்டு மாதம் முடிந்ததும் இந்த எல்லை 50. மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்தால், முனகினால், உதடு நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம், 108.

சளிக்கு சிரப் எதுவும் வாங்காதீர்கள், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு எழுதிக் கொடுத்ததையும் வாங்கி வராதீர்கள். 2025-இல் மத்தியப்பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்களே, அந்த இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. டையெத்திலீன் கிளைகால் என்ற விஷம் கலந்திருந்தது. விஷம் கலக்காவிட்டாலும் இரண்டு வயதுக்குக் கீழே இருமல் சளி சிரப் கொடுக்கக் கூடாது என்றுதான் மத்திய அரசின் அறிவுரையும் சொல்கிறது.

தடுப்பூசிக்கு வருவோம். மூக்குச் சளி ஒரு காரணமே இல்லை, வருகிற புதன்கிழமை பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். தாமதமானதற்காக யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். அட்டையை மறக்காதீர்கள். வாயில் போலியோ சொட்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா மருந்தும், இடது தொடையில் பென்டாவேலன்ட், வலது தொடையில் நிமோனியா தடுப்பூசி, வலது மேல்கையில் தோலுக்குள் சின்னதாக ஒரு போலியோ ஊசி. ஒரே நாளில் மூன்று குத்தா என்று உங்கள் மனைவி கலங்குவார், தப்பில்லை. குத்தும்போது பால் கொடுத்துக்கொண்டே இருந்தால் அழுகை சீக்கிரம் அடங்கும். பென்டாவேலன்ட் என்பது தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரண ஜன்னி, மஞ்சள் காமாலை பி, ஹிப் கிருமி என்று ஐந்துக்கும் ஒரே ஊசி. 2011 டிசம்பரில் நாட்டிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் அதை ஆரம்பித்தார்கள். போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டு வாருங்கள். அன்றைக்கு ராத்திரி காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரலாம், ஒன்றிரண்டு நாளில் போய்விடும். ஊசி போட்ட இடத்தில் மஞ்சள், எண்ணெய் எதுவும் தேய்க்க வேண்டாம், ஈரத்துணி வைத்தால் போதும். பிறந்தபோது இடது கையில் போட்ட பிசிஜி என்கிற காசநோய்த் தடுப்பூசி இப்போது கொப்புளமாகிச் சீழ் கோத்திருக்கலாம். அது அப்படித்தான் ஆறித் தழும்பாகும், கிள்ளவோ மருந்து போடவோ கூடாது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கும்போது ஒரு இடத்தில் நின்று நிதானமாகப் பாட்டிலைப் படியுங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் வழக்கமாக ஐந்து மில்லி எடுத்தால்தான் 120, 125 மில்லிகிராம் வரும். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் எடுத்தால் நாலு மடங்கு போய்விடும், கல்லீரல் கெடும். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 4 கிலோ பாப்பாவுக்கு அந்தச் சொட்டு மருந்தில் 0.4 முதல் 0.6 மில்லி. நர்ஸிடம் எடையைச் சொல்லி அட்டையிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி போடாத நாளில் காய்ச்சல் வந்தால் கதை வேறு. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி வந்தால் மருந்து கொடுத்து வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது, நடுராத்திரியானாலும் போக வேண்டும். மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் உடம்பு சுடும்தான், தொப்பியையும் போர்வையையும் எடுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள், அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம். பால் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் துவண்டு கிடந்தால், உடம்பு சில்லிட்டால், வலிப்பு வந்தால், இந்த வயதிலும் கண் மஞ்சளாக இருந்து மலம் வெளுத்துப் போனால் அதே அவசரம்தான். கடைசியாகச் சொன்னதை வெயிலில் காட்டினால் சரியாகும் என்று தள்ளாதீர்கள், பித்தக்குழாய் அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் ஆபரேஷன் செய்தால்தான் நல்ல பலன். உங்களுக்கு ஸ்டான்லி பக்கம், அங்கே குழந்தைகள் பிரிவு உண்டு. எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் ராத்திரி பகல் எந்நேரமும் பார்க்கும்.

தூங்க வைப்பதில் ஒன்றுதான் கட்டாயம், மல்லாக்கப் படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம். தூளியில் போட்டால் முகவாய் நெஞ்சில் முட்டாமல் இருக்கிறதா, முகத்தைப் புடவை மூடவில்லையா என்று எட்டிப் பாருங்கள், ஒரு பெரியவர் பார்வையில் இருக்கட்டும். நீங்கள் குடித்துவிட்டு வரும் நாள் இருந்தால் அன்றைக்குப் பாப்பா பக்கத்தில் படுக்காதீர்கள்.

வளர்ச்சியைப் பற்றி இப்போதைக்கு அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. இரண்டு மாதத்தையொட்டி முகம் பார்த்துச் சிரிப்பாள், நாலு மாதத்தில் தலை நிற்கும், எட்டு ஒன்பது மாதத்துக்குள் பிடிக்காமல் உட்காருவாள். மூன்று மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்றால் ‘சில குழந்தை லேட்டாத்தான்’ என்று விடாமல் காட்டுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் குழைந்த சோறு, பருப்பு, முட்டை எல்லாம் ஆரம்பிக்கலாம். காசிமேடு பக்கத்தில் இருந்துகொண்டு தோலில் கரப்பான் வரும் என்று மீனை ஒதுக்காதீர்கள். கிழங்கான் மீனை வேக வைத்து முள் பார்த்து மசித்துக் கொடுத்தால் அதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

உங்கள் கேள்வியில் உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காமல், பசித்தபோதெல்லாம் சாப்பிடட்டும். பால் சுறா புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் சரிதான். சுறாவைத் தினமும் வேண்டாம், பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும். காரணமில்லாமல் அழுகிறார், பாப்பா தூங்கினாலும் அவருக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது சோம்பேறித்தனமோ காற்று கருப்போ இல்லை, பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு, மருத்துவம் உண்டு. 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசுவார்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்கு அப்புறமும் 180 நாள் சாப்பிட வேண்டும். டிஸ்சார்ஜ் ஆனபோது கொடுத்தது தீர்ந்திருந்தால் புதன்கிழமை போகும்போதே அங்கேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.